சுந்தரம்மாள் போட்ட கையெழுத்து

தேர்தல் பேச்சைக் கேட்டாலே சுந்தரம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சாயங்காலமானால் போதும், கொடைரோடு போகிற நாலுவழிச் சாலையோரத்து டீக்கடையில் வேலையற்ற ஆம்பிளைகள் கூடிவிடுவார்கள். ஊராட்சித் தலைவர், மெம்பர்கள் எல்லாருக்கும் ஐந்து வருஷம் முடிந்து பதவி போனதிலிருந்து ஊருக்குத் தனி அலுவலர்தான் அதிகாரம். அவர் முகத்தை ஊரில் பார்த்தவர்கள் மிஞ்சிப்போனால் பத்துப் பேர் இருப்பார்கள். மறுபடி தேர்தல் வைத்தால்தான் சட்டையைப் பிடித்துக் கேட்க ஆள் இருக்கும் என்று ஒரு கூட்டம் சொல்லும். அதிகாரி இருந்தால் திருட்டு இல்லை, தேர்தலே வேண்டாம் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். பிரியாணிக்கு ஓட்டுப் போட்டவன் ஜனநாயகம் பேசுகிறான், வாசலில் தேங்கிய சாக்கடையைக் குச்சியெடுத்துத் தள்ளாதவன் நிர்வாகம் பேசுகிறான் என்று அவள் இரண்டு கூட்டத்தையும் ஒரே முறத்தில் போட்டுப் புடைப்பாள்.

அதிலும் மணிமாறனைக் கண்டால் ஆகவே ஆகாது. அவன் பெண்டாட்டி தீபாதான் ஐந்து வருஷம் தலைவர். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தது அவன், மாலை வாங்கியது அவன், ஊரே "தலைவரே" என்று கூப்பிட்டதும் அவனைத்தான். தீபா கொடியேற்ற மட்டும் புதுச்சேலை கட்டிக்கொண்டு வருவாள். அந்த மணிமாறன் இப்போது உடனே தேர்தல் வேண்டும் என்று மனுவும் கையுமாக அலைகிறான். பெண்டாட்டியைப் பேசவிடாதவனுக்கு மக்கள் குரல்மீது வந்த அக்கறையைப் பார் என்று சுந்தரம்மாள் காறித் துப்புவாள்.

சுந்தரம்மாள் எட்டாவது வரை படித்தவள். அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்களில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள். சாலையைக் கடக்கும்போது லாரி அடித்துப் புருஷன் செத்த பிறகு, மல்லித் தோட்டத்தை வைத்தே மகனை ஆளாக்கிக் கல்யாணமும் பண்ணிவைத்தாள். நாலாவது வார்டில் குழாய்ச் சின்னத்தில் நின்று மெம்பரானதும் அவள் நடையே மாறிப்போனது. பக்கத்து வீட்டுப் பேச்சாயி நூறுநாள் வேலையில் கைநாட்டு வைக்கும்போதெல்லாம் நாலு பேர் கேட்கச் சிரிப்பாள். எந்தத் தாளை நீட்டினாலும், என்ன எழுதியிருக்கிறது என்று யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் பேச்சாயி விரலை வைக்கமாட்டாள். சுந்தரம்மாள் அதற்கும் சிரிப்பாள்.

ஊராட்சி கிளார்க் பிரான்சிஸ் தீர்மான நோட்டோடு மெம்பர்கள் இருக்கிற இடத்துக்கே வந்துவிடுவார். அங்கே அதுதான் வழக்கம். சுந்தரம்மாளைத் தேடி அதிகாலையில் மல்லித் தோட்டத்துக்கு வருவார். எல்லாம் வழக்கமான தீர்மானம்தான் என்பார். மொட்டு விரிந்துவிட்டால் பூ விலை போகாது. அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவர் தொட்டுக் காட்டிய இடத்தில் வால் நீட்டி ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பவும் குனிந்துவிடுவாள்.

இந்தச் சித்திரையில் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றுகிற போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தென்னந்தோப்புக் கிணற்றை விட்டால் வேறு வழியில்லை. புருஷன் விழுந்து கிடந்த அதே இடத்தில், இப்போது மருமகள் இடுப்பில் குடத்தோடு லாரி போகக் காத்து நிற்கிறாள். அதைப் பார்த்த அன்றே சுந்தரம்மாள் புது மோட்டார் கேட்டு மனு எழுதினாள்.

ஒன்றிய அலுவலகத்துக்கு மூன்று முறை போய்ச் சும்மா திரும்பினாள். நாலாம் முறை தனி அலுவலர் இருந்தார். போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே மனுவை வாங்கியவர், பழைய தீர்மான நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"நாலாவது வார்டுக்குப் புது மோட்டார் மாட்டியாச்சுன்னு போன டிசம்பர்ல நீங்கதானம்மா முன்மொழிஞ்சிருக்கீங்க" என்றார்.

சுந்தரம்மாள் குனிந்து பார்த்தாள். வால் நீண்ட அவள் கையெழுத்துதான். பக்கத்தில் பூக்கறைகூட இருந்தது. அப்படி ஒரு மோட்டார் வரவே இல்லை என்றாள். அதை, கையெழுத்துப் போட்ட ஒருவர் கிராம சபையில் வாசித்து எழுதிக் கொடுத்தால்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும் என்று அவர் சொல்லிவிட்டார்.

மற்ற மெம்பர்களைப் போய்க் கேட்டாள். ஒருவரும் முன்வரவில்லை. தேர்தல் எப்போது வந்தாலும் எல்லாருக்கும் நிற்கிற ஆசை. அவளுக்கும் தலைவர் பதவிக்கு நிற்கிற ஆசை இருந்தது. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவள் என்று ஊரறியச் சொன்னபிறகு அவளுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? அன்று சாயங்காலமே மணிமாறன் வீடு தேடி வந்தான்.

"செத்த பொறுங்கக்கா. எலெக்சன் வரட்டும், மொத மோட்டார் ஒங்க தெருவுக்குத்தேன். இப்பப் போயி அதக் கிண்டாதீக" என்றான்.

மாட்டாத மோட்டாரை மாட்டியதாக எழுதவைத்தவன், இன்னொரு மோட்டாருக்கு வாக்குக் கொடுக்கிறான். அவனைவிட அவளுக்குத் தன்மேல்தான் அதிக அருவருப்பாக இருந்தது. அவன் சொன்னதற்கு ஒரு நொடி மனசு இணங்கியதே, அதுதான் காரணம்.

சுதந்திர தினக் கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. உடனே தேர்தல் வேண்டும் என்று மணிமாறன் ஒரு தீர்மானத்தை வாசித்து முடிக்க, கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் சுந்தரம்மாள் எழுந்து தன் தாளை வாசித்தாள். மோட்டார் வரவில்லை, வந்ததாக எழுதிய தீர்மானத்தில் இருப்பது என் கையெழுத்து, நான் வாசிக்காமல் போட்டேன். அவ்வளவுதான் இருந்தது அதில். மணிமாறன் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

மெம்பர்கள் லட்சணம் தெரிந்துவிட்டதா, இதற்குத்தான் தேர்தல் வேண்டாம் என்கிறோம் என்று ஒரு கூட்டம் எகிறியது. மெம்பராக இருந்தவள் என்பதால்தானே நம் முன்னால் நிற்கிறாள், அந்த அதிகாரி வந்து நிற்பாரா என்று மற்றக் கூட்டம் மல்லுக்கு நின்றது. ஐந்தே நிமிஷத்தில் இரண்டு கூட்டத்தாரும் அவளைத் தங்கள் சாட்சியாக்கிக்கொண்டு பழைய சண்டைக்குப் போய்விட்டார்கள். மோட்டார் எப்போது வரும் என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.

பேச்சாயி மட்டும் எழுந்து அவள் பக்கத்தில் வந்தாள். அவள் குரலில் கேலி இல்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாது மெம்பரு, அதுனால யாரையாச்சும் கேட்டுத்தேன் வெரல வப்பேன். ஒனக்குத்தேன் தெரியுமே, ஒரு தடவ வாசிச்சிருக்கலாம்ல?"

ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரு பதில் வைத்திருந்த சுந்தரம்மாள், தாளை பிரான்சிஸிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை மருமகளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுத் தானே குடத்தை எடுத்துக்கொண்டு சாலையோரம் போனாள். முன்பெல்லாம் எந்த வரிசையானாலும், மெம்பர் முன்னால் போகட்டும் என்று பெண்கள் வழிவிடுவார்கள். அன்று யாரும் விலகவில்லை. லாரிகள் போய் முடிகிற வரைக்கும் பேச்சாயிக்குப் பின்னால் நின்றாள்.