பின்னால் வரும் வண்டி

"ஏட்டி, வாய மூடுதியா இல்லையா? எதிர்காத்து அடிச்சாப் போதுமே, ஆரம்பிச்சிருவியே!"

சைக்கிளை மிதித்தபடி இசக்கிச்செல்வி இப்படிக் கத்திக்கொண்டு போவாள். மக்காச்சோளக் காட்டில் களை வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பக்கத்தில் ஆள் இருக்காது, காதில் போனும் இருக்காது. அவள் திட்டுவது அவளுக்குள்ளேயே இருக்கிற ஒருத்தியை.

"அவ உள்ள உக்காந்துக்கிட்டு, 'ஒன்னால முடியாது, எறங்கு எறங்கு'ங்கா பாக்கியம் அண்ணே. என் சோத்தத் தின்னுட்டு எனக்கே சொல்லுதா" என்பாள் என்னிடம்.

வயது நாற்பதை நெருங்குகிறது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டுகிறாள். சுடிதாருக்கு மேல் கணவனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. சைக்கிள், மகள் பிளஸ் ஒன் படிக்கையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. மகள் காலேஜுக்குப் போன பிறகு அதில் கோழி அடைந்துகொண்டிருந்தது. செல்வி கழுவி எடுத்தாள். கியர் கிடையாது. கூடையைக் கழற்றிவிட்டாள். பெல் மட்டும் இருக்கிறது. கல்லில் ஏறினால் அது தானாக அடிக்கும். அதற்கும் ஒரு வசவு விழும்.

எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். "உக்காந்த எடத்துலயே பண்டல் கட்டிக் கட்டி இம்புட்டு வருசம் போச்சு. ஒரு நாளாவது எங்காலு என்னயத் தூரமாக் கொண்டு போகட்டுமே" என்றாள்.

ஊரில் சைக்கிள் சங்கம் ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை குளத்தூர் போய்த் திரும்புகிறார்கள். தார் ரோட்டில் அல்ல, காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் காட்டுக்குள் போட்ட சரள் பாதையில். போக வர நூறு கிலோமீட்டர் வரும். செல்வி பெயர் கொடுக்கப் போனாள். சங்கத் தலைவர் சுந்தரபாண்டியன், இரும்புக்கடை வைத்திருப்பவர், சைக்கிளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரித்தார்.

"தங்கச்சி, ஒங்களுக்கு எட்டயபுரம் போதும். நல்ல தார் ரோடு. பள்ளிக்கூடப் புள்ளைகளோட போயிட்டு வாங்க. மெடல் எல்லாத்துக்கும் ஒன்னுதான்."

"மெடலுக்கா வந்தேன்? ஒங்க கடையில கெடக்க தகரத்த வெட்டி மாட்டிக்கிட மாட்டேனா, அண்ணாச்சி? ஓட்டத்துக்கு முந்தி ஒரு தடவ குளத்தூர் போயித் திரும்புதேன். முடியலைன்னா நானே வந்து எட்டயபுரம்னு மாத்திக்கிடுதேன்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். அழுததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கணவர் சோலைராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அதில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் விடியல் பூசை முடிந்ததும் நானும் ஏறிக்கொள்வேன். குளத்தூர்ப் பாதையில் மிதித்துப் பழகுகிற அவளுக்குப் பின்னாலேயே வண்டி ஊர்ந்து போகும். சோலைராஜ் தங்கமான மனுஷர். போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. "பாத்து... பாத்து..." என்பார். சின்னப் பள்ளம் வந்தாலும் ஹாரன் அடிப்பார். சைக்கிளைக் கட்டிக் கொண்டுவர ஒரு நைலான் கயிற்றைச் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருப்பார்.

ஆடிக் காற்றில் மிதிக்க முடியாமல் ஒரு தடவை, ஓடைச் சரிவில் சரள் வழுக்கி முழங்கை கிழிந்து ஒரு தடவை, அந்தக் கயிறு வேலை செய்தது. இரண்டு தடவையும் அவள் முன்னால் உட்காரவில்லை. பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அடிக்கித ஆளுன்னா ஏன்னு கேக்கலாம் அண்ணே. பாவம் பாக்குத ஆள என்னன்னு கேக்க? பின்னால அந்த இஞ்சின் சத்தம் கேட்டாலே உள்ள இருக்கவளுக்குக் கொண்டாட்டம். 'அந்தா வண்டி வருதுல்லா, ஏறு'ங்கா."

எனக்குக் கோபம் வருவது குறைவு. வந்தால் ஜெபமாலையை எடுத்துவிடுவேன். அவள் அப்படிச் சொன்ன அன்றைக்கு மாதாவை எத்தனை கூப்பிட்டும் அடங்கவில்லை. "அடுத்த வாரம் வண்டி வேண்டாமே" என்று சோலைராஜிடம் சொன்னேன். "அவ விழுந்து கெடந்தா நீரா போயித் தூக்குவீரு?" என்றார். மறுவாரமும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு. வருகிற ஞாயிறு சங்கத்து ஓட்டம். முந்தின இரவு மழை. ஆனாலும் விளாத்திகுளம் தாண்டிப் போய்விட்டாள். குளத்தூருக்கு இன்னும் கொஞ்ச தூரம். சரள் அரித்துப்போய்க் கரிசல் வெளியே தெரிந்த இடத்தில் சக்கரம் இறங்கியது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அப்பி இறுகிவிட்டது. குச்சியால் குத்தி எடுத்தாள். நாலு எட்டு உருட்டினாள், திரும்பவும் இறுகியது. ஒரு செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது.

"செருப்பத் தின்னாச்சு, சக்கரத்தயும் திங்கியோ?" என்று மண்ணை உதைத்தாள்.

பிறகு அப்படியே நின்றுவிட்டாள். தோள் இறங்கிவிட்டது. உள்ளே இருக்கிறவளுக்கு அவள் பதில் சொல்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சோலைராஜ் மெதுவாக இறங்கிப் பின்கதவைத் திறந்தார். கயிற்றை எடுத்துக்கொண்டார். "போதும் செல்வி. இம்புட்டு தூரம் வந்ததே ஒனக்குப் பெருசு. ஏறு."

அவள் தலை நிமிர்ந்தது. "எனக்குப் பெருசோ?"

சேறு வழிகிற காலோடு வண்டிக்கு வந்தாள். சைக்கிளைத் தூக்கலாம் என்று நான் இறங்கினேன். "நீங்க தொடாதீங்க அண்ணே." சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனாள். "மேல சேறு படக்கூடாதுன்னு மாட்டுனது. இனி பட என்ன இருக்கு?" மட்கார்டில் ஒரு நட்டு துருப்பிடித்துத் திரும்பவில்லை. கம்பியை வளைத்து வளைத்து ஒடித்தே எடுத்தாள்.

இரண்டு மட்கார்டையும் கொண்டுவந்து வண்டிக்குள் விட்டெறிந்தாள்.

"ஏத்தணும்னீங்களே, ஏத்தியாச்சு. வீட்டுக்குக் கொண்டு போங்க."

பின்கதவைத் தூக்கிச் சாத்தினாள். சோலைராஜ் கையிலிருந்த கயிற்றை வாங்கிக் கொக்கியில் சுற்றினாள். தீப்பெட்டிப் பண்டலுக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டு, செருப்பில்லாத காலைக் கதவில் ஊன்றி, இழுத்து இறுக்கினாள்.