துரைக்குத் தெரியாத விடுமுறை

தொப்பியைச் சரிசெய்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, கணினியின் நெற்றியில் மூன்று தரம் ஊதிய பிறகுதான் ஸைனுலாப்தீன் அதன் பொத்தானை அழுத்துகிறார். அது விழித்தெழும்வரை கைகட்டி நிற்பார். நாற்காலி பக்கத்திலேயே கிடக்கும், உட்காரமாட்டார். "தொரை எழும்பாம நாம குந்தினா மரியாதையில்ல" என்பார். அலுவலகத்தில் மற்ற எல்லாரும் அதைச் சிஸ்டம் என்கிறார்கள். இவருக்கு அது துரை.

கல்முனைக்குத் தெற்கே, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் தையல் தொழிற்சாலையில் ஆளணிப் பகுதி எழுதுவினைஞர் அவர். படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் சுனாமிக்குப் பிறகு ஊருக்கு வந்த நிவாரண நிறுவனங்களின் படிவங்களை ஊருக்கே நிரப்பிக் கொடுத்தவர். அவர் நிரப்பிய தாள்களை விரித்தால் மருதமுனையிலிருந்து அறுகம்பே வரை காலில் மண் படாமல் நடக்கலாம். அந்தத் தகுதிக்குத்தான் இந்த வேலை.

நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் துரையின் வயிற்றுக்குள் ஏற்றியவர் அவர்தான். கடலோடு பிறப்புப் பத்திரம் போய், திகதியும் மறந்தவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்றைப் போட்டுவிட்டார். புதுவருடத்தன்று துரை அறுபத்தொரு பேருக்கு ஒரே மூச்சில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியது. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போனால், 'உங்கள் ஊரில் ஆண்களுக்கு மட்டும் வாரமொருமுறை வருகிற நோய் என்ன?' என்று கடல் கடந்த தலைமையகத்திலிருந்து கடிதம் வரும். கல்யாணம் முடித்த பையன்கள் வழக்கப்படி மனைவி வீட்டில் குடியேறி முகவரி மாற்றினால், துரை அவர்களைத் தலைமறைவானவர்களாகச் சந்தேகிக்கும். இதையெல்லாம் ஸைனுலாப்தீன் சிரித்துக்கொண்டே சமாளித்தார். ஸுஹைறாவின் விசயத்தில்தான் சிரிப்பு நின்றது.

செய்தியைக் கொண்டுவந்தவள் தையல் வரிசையின் மேற்பார்வையாளர் நதீரா.

"காக்கா, நம்மட ஸுஹைறாட மாப்பிள்ள மௌத்தாகிட்டார். அவ இத்தாவில இருந்திட்டா. நாலு மாசம் பத்து நாள் வரமாட்டா. தொரைக்கிட்டச் சொல்லி வைங்க."

"தொரைக்கு மூணு நாள் அழத்தான் கா தெரியும். நாலு மாசம் வீட்டுக்குள்ள இரிக்கிற கணக்கு அவருக்கிட்ட இல்ல."

உண்மைதான். கணவனை இழந்தவள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா துரையின் பட்டியலில் இல்லை. மரணத் துக்கத்துக்கு மூன்று நாள். அதன்பின் பதினைந்து நாள் வராவிட்டால் 'வேலையைக் கைவிட்டவர்' என்று துரை தானாகவே பெயரை வெட்டிவிடும். ஸுஹைறாவுக்கு இரண்டு பிள்ளைகள். இனி அந்த வீட்டில் வருமானம் அவளுடையது மட்டும். ஸைனுலாப்தீன் தலைமையகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய ஆங்கிலம் இருபது சொல்லும் இருநூறு கையசைப்பும். கையசைப்பு தொலைபேசியில் போகாது.

அங்கிருந்த பெண் கேட்டாள்: ஸுஹைறாவுக்கு என்ன நோய்? நோயில்லை. பயணமா? இல்லை, வீட்டில் இருக்கிறார். வீட்டில் இருப்பதற்கு விடுமுறை வகை கிடையாது என்று அவள் மிகவும் அன்பாகச் சொன்னாள்.

பதினான்காம் நாள் மாலை, துரையின் விடுமுறைப் பட்டியலை அடிமுடி தேடினார். நூற்றெண்பது நாள் தருகிற கட்டம் ஒன்றே ஒன்று இருந்தது: படைச் சேவை. தலைமையகம் இருக்கிற நாட்டில் ஆண்களெல்லாரும் கொஞ்சக் காலம் படைக்குப் போய்த் திரும்புவார்களாம். கண்ணை மூடிக்கொண்டு ஸுஹைறாவை அதற்குள் சேர்த்துவிட்டார்.

மறுநாள் காலை துரை ஒரு கடிதத்தைத் தானாக அச்சடித்துத் தள்ளியது. 'நாட்டுக்காகப் புறப்பட்ட எமது வீராங்கனை ஸுஹைறாவை எண்ணிப் பெருமைப்படுகிறோம். சீருடையுடன் ஒரு புகைப்படம் அனுப்பவும்.' யாரோ அதை அறிவித்தல் பலகையில் குத்திவிட்டார்கள். பத்து மணித் தேநீருக்குள் சம்மாந்துறை ஆலைகள் வரை கதை போய்விட்டது.

முகாமையாளர் அழகரெத்தினம் பாண்டிருப்பிலிருந்து வருகிறவர். கடிதத்தைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"என்ன ஐசே இது? யுத்தம் முடிஞ்சு ஒரு வருசம். இப்பதான் செக்பொயின்ட்டில பஸ்ஸை விட்டு இறங்காமப் போறம். நீர் இங்க ஆள்சேர்ப்பு நடத்துறீரா?"

"வேற கட்டம் இல்ல சேர்."

"அழியும் அதை!"

"அழிச்சா அவட வேலையும் சேத்து அழியும் சேர்."

அழகரெத்தினம் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்ப உண்மையை எழுதும். ஆனா அவட சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு எழுதும்."

அன்று பின்னேரம் ஸைனுலாப்தீன் நதீராவையும் கூட்டிக்கொண்டு ஸுஹைறாவின் வீட்டுக்குப் போனார். அறை வாசலில் திரை. அதன் இப்புறம் நின்று, செருப்பைப் பார்த்தபடி, நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். உள்ளேயிருந்து ஸுஹைறா கேட்டாள்:

"அப்ப எனக்குத் துவக்கு எப்ப காக்கா தருவாங்க?"

நதீரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரைக்குள்ளும் ஒரு சிரிப்புக் கேட்டது, பாதியில் நின்றது.

"என்ட வேல இரிக்கும்தானே காக்கா?"

"எழுதிப் பாக்கிறன் புள்ள" என்றார்.

கடிதம் எழுத மூன்று நாள். இவர் சொல்லச் சொல்ல அழகரெத்தினம் ஆங்கிலமாக்கினார். தலைமையகம் திட்டவில்லை. படைச் சேவையை ரத்துச் செய்வதாகவும், அதே நாளில் புதிய விடுமுறை வகைக்கான படிவத்தை நிரப்பி அனுமதி பெற்றால் ஸுஹைறாவின் பெயர் தப்பும் என்றும் பதில் வந்தது. படிவம் என்றதும் ஸைனுலாப்தீனுக்குப் பழைய உசார் திரும்பியது. காரணம், நாட்கள், சான்று என்று குதிரை ஓடுவதுபோல் நிரப்பிக்கொண்டு போனவர், ஒரு கேள்வியில் நின்றார்.

'ஆண்டொன்றுக்கு எத்தனை ஊழியர்கள் இந்த விடுமுறையை எடுப்பார்கள் என எதிர்பார்க்கிறீர்கள்?'

சைபர் போட்டார். துரை ஏற்கவில்லை.

"அஞ்சு எண்டு போடும் ஐசே" என்றார் பின்னால் நின்ற அழகரெத்தினம். "ஒரு ஆளுக்காக அவங்கள் புது வகை திறக்கமாட்டாங்கள்."

ஸைனுலாப்தீன் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். முந்நூறு பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாருடைய கணவன் வள்ளத்தில், யாருடையவன் உழவு இயந்திரத்தில், யாருடையவன் கட்டாரில் என்று அவருக்குத் தெரியும். எல்லாருடைய படிவத்தையும் அவர்தானே நிரப்பினார்.

"ஆரட ஆரட மாப்பிள்ளைமாரச் சாகச் சொல்லி சேர் அஞ்சு போடுற?"

ஸைனுலாப்தீன் ஒன்று என்று அடித்தார். அனுப்பிவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். கன்டீனிலிருந்து வந்த தேநீர் ஆறியது, இரண்டாவதும் ஆறியது. நான்கு மணிக்குச் சற்றுமுன் அனுமதி வந்தது. ஸுஹைறாவின் பெயருக்கு நேரே, 'விடுமுறையில். வேலை தொடரும்' என்று விழுந்தது.

அதன் அடியில் ஒரு சின்னக் கட்டம். 'ஒவ்வோர் ஆண்டும் இதே எண்ணிக்கை.' சரி என்ற அடையாளத்தைத் துரை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தது.

"அதை விடும். இல்லாட்டி அடுத்த முறையும் இந்த முழுக் கூத்தையும் ஆடவேணும்" என்றார் அழகரெத்தினம்.

ஸைனுலாப்தீன் மவுஸை நகர்த்தி அந்த அடையாளத்தை எடுத்தார்.