இடம் மட்டும்

கடிவாளத்துக்குக் குதிரைகளைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. மனிதர்களைப் பற்றித்தான் ஒரு மண்ணும் தெரியாது. தோளில் எந்நேரமும் ஒரு கடிவாளம் தொங்கியதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. ஒரு சவாரிப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் லாயத்தைப் பார்த்துக்கொண்டவர். பள்ளிக்காரர்கள் நிலத்தை விற்று, அவர் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து அனுப்பியபோது, அங்கே சொந்தக் குதிரை விட்டிருந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீங்களே ஒரு லாயம் போடுங்களேன். உங்களை விட்டா நாங்க எங்க போவோம்?"

மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழைய கிடங்கு ஒன்றை மூன்று வருஷக் குத்தகைக்கு எடுத்து, இருந்த பணத்தையெல்லாம் கொட்டித் தடுப்புகள் கட்டினார். ஆறு குதிரைகளுக்கு இடம் ஆயிற்று.

கட்டணம் வைக்கத்தான் மூன்று நாள் சண்டை. அவர் மனைவி தையல் வேலை செய்பவள், வாயும் கத்தரியும் ஒரே கூர்மை.

"ஒரே ரேட்டு வைங்க. எல்லா வேலையும் நாம செய்யறோம், மாசம் இவ்வளவுன்னு சொல்லுங்க. வர்றவங்க வரட்டும்."

"எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா? தானே வந்து பாத்துக்கறேன்னு சொல்றவங்களும் இருக்காங்கல்ல?"

கடைசியில் அவர் பிடிவாதம்தான் ஜெயித்தது. பலகையில் இரண்டு வரி எழுதினார்கள். 'முழுப் பராமரிப்பு' என்றால் தீனி, தண்ணீர், லத்தி அள்ளுவது, தேய்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 'இடம் மட்டும்' என்றால் தடுப்பு மட்டும் அவருடையது, மற்றதை உடையவரே காலையும் மாலையும் வந்து செய்யவேண்டும். அதற்கு அடிமாட்டு விலை. நாலு பேராவது முழுக் கட்டணம் கொடுத்தால்தான் குத்தகை கட்டமுடியும் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சரியாக நாலு பேர் சேர்ந்தார்கள். மிச்சம் இருந்த இரண்டு பேர், ஒரு வக்கீலும் ஒரு பேக்கரி முதலாளியும், 'இடம் மட்டும்' எடுத்தார்கள்.

முதல் வாரம் வக்கீல் பளபளக்கும் பூட்ஸோடு விடிந்ததும் வந்தார். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாம் வாரம் போன் மட்டும் வந்தது. "இன்னைக்கு ஒருநாள் பாத்துக்கங்க, ப்ளீஸ்." அவருடைய செம்பழுப்புக் குதிரை காலி வாளியை உதைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் போதாமல் குடல் கட்டிக்கொண்டால் குதிரை பிழைக்காது, கடிவாளம் அதைக் கண்ணால் பார்த்தவர். ஊற்றினார். அந்த ஒருநாள் ஒரு மாதமாக நீண்டது. பேக்கரிக்காரர் போன்கூடப் பண்ணவில்லை.

"காசு கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"தண்ணி ஊத்தினதுக்கா காசு கேக்கறது?"

இளிச்சவாயன் என்றால் நெற்றியில் எழுதி ஒட்டியா இருக்கும்! சேதி பரவியது. முழுக் கட்டணக்காரர்கள் ஒவ்வொருவராக அடுத்த வரிக்கு இறங்கினார்கள். கடைசியாக மிஞ்சியவர் பல் டாக்டரம்மா. அவரும் ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அந்தக் குதிரைங்களுக்கும் இதையேதானே பண்றீங்க? நான் மட்டும் ஏன் அதிகம் குடுக்கணும்?"

அவரும் இறங்கியபிறகு கடிவாளம் ஒரே கட்டணமாக மாற்றப் பார்த்தார். "பலகையில ஒண்ணு எழுதிட்டு இப்பப் பேச்சு மாறலாமா?" என்று வக்கீல் முகத்தைச் சுளித்தார்.

"நாளையிலேருந்து பலகைல இருக்கறதுதான். நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க," என்றாள் மனைவி. தலையாட்டினார். மறுநாள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தும்விட்டார். எல்லோருக்கும் போன் போட்டாயிற்று. ஒருவரும் வரவில்லை. வெயில் ஏறியது. ஆறு வாளிகளும் உதைபட்டன. பதினொரு மணிக்கு மேல் நெஞ்சு கேட்காமல் எழுந்து உள்ளே ஓடினால், கடைசித் தடுப்பில் மனைவி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். புடவையெல்லாம் நனைந்திருந்தது.

"நம்மளால முடியாதுங்க," என்றாள். "மூடிடலாம்."

மூடினார்கள். குத்தகை இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. ஊருக்கு வெளியே புதிதாக ஒரு கிளப் வந்திருந்தது, ஆறு குதிரைகளும் அங்கே போயின. அங்கே ஒரே ரேட்டுதான், கடிவாளத்தின் முழுக் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கு. ஒருத்தரும் மூச்சுவிடவில்லை, கேட்டதைக் கொடுத்தார்கள். குத்தகைப் பணம் கேட்டுக் கிடங்குச் சொந்தக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, கடிவாளமும் அந்தக் கிளப்பிலேயே தினக்கூலிக்குச் சேர்ந்தார். அதே ஆறு குதிரைகள்தான் அவர் பொறுப்பில் வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீல் வந்தார். செம்பழுப்பின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"பாத்தியா, இங்க வந்தப்புறம் எப்படித் தேறியிருக்கு! காசு குடுத்தாத்தான்யா ஒழுங்கா பாத்துக்கறாங்க."

போன மாதம்வரை 'நீங்க' என்று கூப்பிட்ட வாய்.

"ஆமா சார்," என்று சொல்லிவிட்டு, கடிவாளம் குனிந்து லத்தியை அள்ளினார்.