காலித் தட்டில் எண்ணியவை

“காலியா இருக்கதைப் போயி எதுக்கு மேடம் எண்ணணும்?”

கிளினிக்கின் ஆலோசகர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. சந்தேகம் அவர்மேல் வந்திருந்தால் நியாயம். அது என்மேல் வந்தது.

பக்கத்து நாற்காலியில் அத்தை, அப்பாவின் அக்கா. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பாளையங்கோட்டையில் மாடி வீடு. கால்முட்டு தேய்ந்து, ஒரு வருடமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் படி இறங்குகிறாள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவளுக்கு எக்சோசோம் ஊசி போடுவதாக இருந்தது. ஆசையை மூட்டிவிட்டது நான்தான்.

நான் இங்கே ஒரு கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் முதுகலை, கடைசி வருடம். நம் செல்கள் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஒருகாலத்தில் குப்பை என்று ஒதுக்கியவை. அவற்றில் ஒரு வகைதான் எக்சோசோம். புரதம், ஆர்என்ஏ எல்லாம் பொதிந்து ஒரு செல் அனுப்ப, வாங்கிக்கொள்ளும் செல் தன் போக்கையே மாற்றிக்கொள்ளும். இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லார் காதையும் அறுத்திருக்கிறேன். புற்றுக்கட்டியும் இதே பைகளை அனுப்பித்தான் தூரத்து உறுப்பில் தனக்கு இடம் பிடிக்கிறது என்ற மறுபாதியை மட்டும் அத்தையிடம் அதிகம் பேசியதில்லை.

ஒருநாள் அவள் போனை நீட்டினாள். “ஏட்டி, இது நீ சொல்லுத பைதானே? திருநெல்வேலியிலேயே போடுதாவளாம்.” துள்ளிக் குதித்துக் கூட்டிப் போனேன்.

ஸ்டெம் செல்லிலிருந்து எடுத்தது, ஒரு குப்பியில் கோடிக்கணக்கான பைகள் என்றார் ஆலோசகர். யாருடைய செல்? “கம்பெனி ரகசியம் மேடம்.” எதில் வளர்த்தது? தெரியாது. செல்லே போடாத தட்டையும் இதேபோல் வடித்து எண்ணிப் பார்த்தார்களா? அதற்குத்தான் அந்தப் பதில்.

அதே பதிலை மூன்று மாதம் முன்பு ஆய்வகத்தில் என் சீனியர் அக்காவிடம் நானும் சொல்லியிருந்தேன். ஏறக்குறைய அதே சிரிப்போடு.

செல்கள் வளர நாங்கள் ஊற்றும் சிவப்புத் திரவத்தில் கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் கலந்திருக்கும். அதிலும் பைகள் இருக்கும். எனக்குத் தெரியாதா? பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் என் செல்கள் அனுப்பிய பைகள் என்று நான் எடுத்த எண்ணிக்கை அவ்வளவு அழகாக வந்திருந்தது. கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

கிளினிக்கிலிருந்து வந்த மறுநாள் செல் இல்லாத தட்டில் வெறும் திரவத்தை ஊற்றினேன். இரண்டு நாள் அதே சூட்டில் வைத்து, அதே வேகத்தில் சுழற்றி, லேசர் ஒளியில் துகள்களை எண்ணும் கருவியில் செலுத்தினேன். திரையெல்லாம் புள்ளிகள் மினுங்கின. செல் இருந்த தட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அக்கா எட்டிப் பார்த்தாள்.

“என்ன டாக்டரம்மா, காலித் தட்டு நல்லா வெளைஞ்சிருக்கு போல?”

“போதும்க்கா.”

“சரி, பைய மூச்சு விடு. நாங்க எல்லாரும் ஒருதடவை கன்னுக்குட்டியை எண்ணினவங்கதான்.”

வியாழன் மாலை அத்தை வீட்டுப் படியேறினேன். நாளைக்கு உடுத்த சேலையை எடுத்து நாற்காலியில் போட்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்போ, கழிக்க வேண்டியதைக் கழிக்காமலே விடை எழுதிட்டே?”

“ஆமா அத்தை.”

“முட்டை போட்ட கேக்கைக்கூட நான் தொட மாட்டேன். கன்னுக்குட்டி ரெத்தத்தையா என் முட்டுல ஏத்தப் பாத்தே?”

அந்தக் குப்பியில் அது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, இல்லை என்று சொல்லவும் அங்கே ஆளில்லை என்றேன். இந்தப் பைகள் மூட்டுக்கு உதவக்கூடும். சோதனைகள் நடக்கின்றன, முடியவில்லை என்றும் சொன்னேன்.

அத்தை முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். “வலிக்கது எனக்குல்லா. சந்தேகப்படுதது உனக்கு லேசு. அன்னைக்கு உங்க லேப்ல நீயும் சிரிச்சிட்டேதான் சொன்னே, அவரும் சிரிச்சிட்டேதான் சொன்னாரு. நான் யாரை நம்ப?”

அவளே போனை எடுத்துக் கிளினிக்கைக் கூப்பிட்டாள். “காலித் தட்டுக் கணக்கை எழுத்துல குடுங்க. அதுக்குப் பொறவு வாரேன்.” போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “உன் கணக்கையும் கொண்டா. ரெண்டையும் நானே திருத்துதேன்.”

சேலை மறுபடி பீரோவுக்குள் போனது. எலும்பு டாக்டர் சொல்லிக்கொடுத்து அவள் பாதியில் விட்ட தொடைப் பயிற்சியைத் திரும்பத் தொடங்கச் சம்மதித்திருக்கிறாள், முனகிக்கொண்டே.

வரும் சனிக்கிழமை செல்களைக் கழுவிவிட்டு இரண்டு நாள் சீரமே இல்லாமல் வைக்கப்போகிறேன். பக்கத்திலேயே ஒரு காலித் தட்டு. இரண்டையும் எண்ணிக் கழித்து, மிஞ்சுவது பைதானா, வெறும் புரதக் கட்டியா என்று அதன் மேலிருக்கும் புரதங்களை வைத்துப் பார்க்க வேண்டும். எதுவுமே மிஞ்சாமலும் போகலாம். அப்படியானால் அந்தத் தாளையும் மாடிக்கு எடுத்துப் போவேன்.