ஸ்ட்ராத் என்றால் பள்ளத்தாக்கா?

எங்கள் மகள் ஸ்காட்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர முடியாது, லீவு கிடைக்கவில்லை, அம்மாவை அனுப்பி வையுங்கள் என்று போன மாதம் சொன்னாள். என் மனைவி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மகள் புதிதாகக் குடிபோன ஊரின் பெயர் ஸ்ட்ராத் என்று தொடங்குகிறது. வடக்கனந்தலில் வீடு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். தெரிந்தவர்கள் இங்கிலீஷ் சந்தேகத்துக்கெல்லாம் என்னிடம்தான் வருவார்கள். விடுவேனா? செல்போனில் தேடினேன். ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஸ்காட்லாந்துச் சொல் என்று வந்தது. பெருமையாக வீட்டில் சத்தமாகப் படித்தேன்.

"பள்ளத்தாக்கா?" என்றாள் மனைவி.

அவளுக்குத் தெரிந்த பள்ளத்தாக்கு ஒன்றே ஒன்று. கல்யாணமான புதிதில் மலை மேல் இருக்கும் கரியாலூருக்குப் போகும்போது, ஒரு வளைவில் எங்கள் பஸ்ஸைப் பின்னால் எடுத்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் கீழே பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் மலை பஸ்ஸில் ஏறியதே இல்லை.

"புள்ளத்தாச்சி போயி அந்த மாரி எடத்துல குந்திக்கினு, என்னையும் கூப்புடறாளா? நான் வர்ல" என்று போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உடனே வீடியோ காலில் மகளிடம் விளக்கம் கேட்டேன்.

"அய்யோ அப்பா, இங்க அதுக்கு ரெண்டு வார்த்தை இருக்குது. ஒடுக்கமா, ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை இருந்தா கிளென். அகலமா, தட்டையா இருந்தாதான் ஸ்ட்ராத். அதுல ஓடற ஆத்துப் பேர பின்னால சேத்து ஊருக்கு வச்சிடறாங்க."

"தட்டையா இருந்தா அது எப்பிடிம்மா பள்ளம்?"

"பள்ளம் இல்லப்பா. ஆத்துக்கு ரெண்டு பக்கமும் கழனி. மலை தள்ளி நிக்கும்."

"அப்ப அது பள்ளத்தாக்கு இல்ல?"

"பள்ளத்தாக்குதான்."

இதை மனைவிக்குத் தமிழில் எப்படிச் சொல்வது? படுகை என்றால் கரையோரம் மட்டும்தான். சமவெளி என்றால் மலையை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரு வார்த்தையைச் சொல்லி வீட்டுக்காரியைப் படுக்க வைத்தாயிற்று. எழுப்ப ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. எரிச்சலாக வந்தது.

சத்தம் கேட்டு மனைவியே எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். மகள் போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஆறு, பச்சை வயல், தூரத்தில் மலை.

"பாரும்மா. வடக்கனந்தல்ல நம்ம வூட்டு மாடியில நின்னு மலையப் பாத்தா எப்பிடி இருக்கும்? அதே மாரிதான்."

மனைவி ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் போனதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"ஆமாண்டி, நம்மூரு மாரியேதான் இருக்குது" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நம்மூருலயே இருந்திருக்கலாம் இல்ல?"

போனில் அந்த மலை மட்டும் தெரிந்தது. மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வரணும்னுதாம்மா இருக்கு."

அம்மாவைக் கூப்பிடுகிறாளா, தானே வருகிறேன் என்கிறாளா, எனக்குப் புரியவில்லை. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவாதடி" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பாஸ்போர்ட்டுக்கு இன்னா இன்னா வேணும்?"