அடுப்பில்லாத வெள்ளிக்கிழமைகள்

எண்பதுகளின் நடுவில், அண்ணனூரில் மாதா கோயில் வளாகத்துக்குள் இருந்த ஒரு சின்னப் பள்ளியில் நான் எல்.கே.ஜி. டீச்சர். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான அறை. பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாக்கள் மின்சார ரயில் ஷெட்டில் வேலை பார்த்தார்கள். மீதிப் பேர் ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவர்கள். மதுரை, தஞ்சாவூர், சேலம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பேச்சு. அத்தனை பேச்சும் என் வகுப்பில் ஒரே நேரத்தில் கேட்கும்.

ஒரு நாள் டிபன் நேரத்தில் ஒரு பையன் வறுத்த வேர்க்கடலை கொண்டுவந்தான். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, தோலை உஃப் என்று ஊதி, ஒவ்வொன்றாக வாயில் போட்டான். வகுப்பே அவனைச் சுற்றி நின்றுவிட்டது. இட்லியைத் தொடாமல் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிற பிள்ளைகள்கூட, "எனக்குத் தா, நான் ஊதறேன்" என்று கை நீட்டினார்கள். மதியம் அறை முழுக்க கடலைத் தோல். பெருக்கிக்கொண்டே யோசித்தேன். தானே தேய்த்து, தானே ஊதினால் இவர்கள் சாப்பிடுகிறார்கள்.

தலைமையாசிரியையான சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளே ஏதாவது செய்து சாப்பிடட்டுமே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"அடுப்பு கூடாது. கத்தி கூடாது. மத்தது உங்க இஷ்டம், டீச்சர்."

அப்படித்தான் எங்கள் வெள்ளிக்கிழமைகள் தொடங்கின. கத்தியும் நெருப்பும் இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று முதலில் எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. கடைத்தெருவே வழி காட்டியது. மாசியில் இலந்தைப் பழம் வந்தது. கொட்டையை நீக்கி, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து வடை மாதிரித் தட்டினார்கள். வெயில் ஏறியதும் வெள்ளரிப் பிஞ்சு. அதோடு ஊறவைத்த பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும். வாழைப்பழத்தைக் கழுவிய மர ஸ்கேலால் நறுக்கினார்கள். எலுமிச்சம்பழத்தை மட்டும் நான் வீட்டிலிருந்தே அரிந்து கொண்டுபோவேன்.

நாலு வயதுப் பிள்ளைகள் இரண்டு நிமிடம் ஒரு இடத்தில் உட்கார மாட்டார்கள் என்பார்கள். கையில் ஒரு வேலை கொடுத்துப் பார்க்கவேண்டும். பருப்பில் கல் பொறுக்கச் சொன்னால், நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, மூச்சுகூடச் சத்தமாக விடாமல் பொறுக்குவார்கள். கல்லே இல்லையென்றால் வருத்தப்படுவார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை.

பொருள் கொண்டுவந்து கூட இருந்து உதவ, முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அம்மாக்கள் வந்தார்கள். அப்பாக்கள் யாரும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அப்பாக்கள் கேட்டுக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நிற்பார்கள். பிள்ளை இறங்கி ஓடியதும் கிளம்பிவிடுவார்கள். என் அப்பாவும் அப்படித்தான். நான் படித்த எந்த வகுப்பறையும் எப்படி இருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். காக்கிச் சட்டை போட்ட பெரிய ஆள் ஒருவர், தோளில் ஒரு முழு நுங்குக் குலையோடு நின்றார். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு காலை மட்டும் வைத்திருந்தார்.

"டீச்சர், நான் பாப்பாவோட அப்பா. அவ அம்மா பிரசவத்துக்கு வேப்பம்பட்டுல தாய் ஊட்டுக்குப் போயிருக்கா. இன்னிக்கு நம்ம மொறைன்னு பாப்பா சொல்லிச்சு. அதான் அரை நாள் லீவு போட்டுகினு வந்தேன்."

பாப்பா என்பது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் பெருமையில் உப்பிவிட்டது.

நான் அந்த வாரத்துக்கு அந்த அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தது வெள்ளரிப் பிஞ்சு. ஆனால் முந்தின நாள் அவர் மனைவியைப் பார்க்கப் போன இடத்தில், பள்ளிக்கூடத்துக்கு என்று சொன்னதும் மச்சான்கள் மரமேறி ஒரு குலையையே இறக்கிக் கொடுத்துவிட்டார்களாம். ரயிலில் சரக்குக்காரர்கள் ஏறும் வெண்டர் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். கூடவே செய்தித்தாளில் சுற்றிய அரிவாள் ஒன்று.

அரிவாளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், கத்தியே கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப இத்த இன்னா பண்றது? பல்லால கடிக்கவா முடியும்?"

வளாகத்தின் மறுகோடியில் ஒரு புங்க மரம் உண்டு. அங்கே வைத்து வெட்டலாம், பிள்ளைகள் தள்ளி உட்காரட்டும் என்று முடிவு செய்தோம். அதற்கு முன் எங்கள் வழக்கப்படி கை கழுவல். ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை எல்லார் நகத்தையும் பார்த்து அனுமதி கொடுக்கும். அன்றைக்குப் பொறுப்பிலிருந்த பையன் கொஞ்சமும் அசரவில்லை.

"அங்கிள், கையக் காட்டுங்க."

அவர் காட்டினார். நகக்கண்ணிலும் ரேகைகளிலும் கறுப்பு ஏறியிருந்தது.

"அழுக்கு கீது. போய்க் கழுவுங்க."

போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். அப்படியே இருந்தது. மறுபடி அனுப்பினான். தேங்காய் நார் வாங்கித் தேய்த்துவிட்டு வந்தார். தோல் சிவந்ததே தவிரக் கறுப்பு போகவில்லை. அவ்வளவு பெரிய மனிதர், இரண்டு கைகளையும் நீட்டியபடி, ஒரு நாலு வயதுப் பையன் முன்னால் குனிந்து நின்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. குறுக்கே பேச வாயெடுத்தேன். அதற்குள் அவர் மகள் எழுந்து வந்தாள்.

"அது அழுக்கு இல்ல. அது ரயிலு. எங்க நைனா ரயிலு ரிப்பேர் பண்றாரு. அது போகாது."

பையன் யோசித்தான். பிறகு தீர்ப்பு சொன்னான்: "சரி. நீங்க வெளிய மட்டும் வெட்டுங்க. உள்ள நாங்க தொட்டுக்கறோம்."

"சரிங்க சார்" என்றார் அவர், சிரிக்காமல்.

அவருக்கு நுங்கு வெட்டத் தெரியாது என்பது முதல் வெட்டிலேயே தெரிந்துவிட்டது. அரிவாள் ஆழமாக இறங்கி, உள்ளிருந்த தண்ணீர் முழுவதும் தரையில் கொட்டியது. இரண்டாவது காயில் கண்ணே தெரியவில்லை.

"மேல வெட்டு நைனா! இல்ல, இன்னும் கீழ!" என்று மகள் கத்தினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அத்தனை அதட்டலையும் அவர் கேட்டுக்கொண்டார். ஒரு தடவைகூட "சும்மா இரு" என்று சொல்லவில்லை. வேர்வை வழிய, ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிள்ளைகளிடமே "இங்கயா?" என்று கேட்டுக் கேட்டு வெட்டினார். நாலைந்து காய் வீணான பிறகு, ஒரு காயின் மேல்பக்கம் சுத்தமாகச் சீவிக்கொண்டு வந்தது. உள்ளே மூன்று கண்கள் பளபளத்தன. எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு சிஸ்டர் வந்துவிட்டார். அரிவாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் சாக்பீஸ் கேட்டு வாங்கி, மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிமெண்டுத் தரையில் ஒரு கோடு போட்டார்.

"ஒருத்தரும் இதத் தாண்டக் கூடாது." பிறகு பாப்பாவின் அப்பாவிடம் திரும்பி, குரலைத் தணித்து, "எனக்கும் ஒண்ணு வெட்டுங்க" என்றார்.

சிஸ்டர் நாகர்கோவில் பக்கம். வெள்ளை அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கட்டைவிரலைக் கண்ணுக்குள் விட்டு ஒரு சுழற்று சுழற்றினார். நுங்கு முழுசாக வெளியே வந்தது. பிள்ளைகள் முயன்றபோது தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடித்தது. அழுதவர்கள் யாரும் இல்லை. பீய்ச்சுவதற்காகவே மறுபடி மறுபடி விரலை விட்டார்கள். வந்த நுங்கைத் தட்டில் போட்டு, மேல் தோலை உரித்தார்கள். வழுக்கி வழுக்கி ஓடும் அதைப் பிடித்து உரிக்க என்ன பாடுபட்டார்கள்! பெரிய அண்டாவில் பானைத் தண்ணீரும் நன்னாரி சர்பத்தும் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, நுங்கைக் கையால் பிய்த்துப் போட்டார்கள்.

முதல் டம்ளரை மகள் அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜூனில் பள்ளி திறந்தபோது அவர் மறுபடி வந்தார். பையன் பிறந்திருந்தான். சாக்லேட் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"டீச்சர், ஷெட்ல நம்ம பசங்க கேக்கறானுங்க. அவுங்களும் வந்து செய்லாமான்னு."

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் ஷெட்டில் போய் அந்த நுங்குக் கதையை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் தன்னைக் கை கழுவ அனுப்பியதைக்கூட மறைக்கவில்லை. கேட்டவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. அந்த வருடம் அப்பாக்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் ஷெட் ஆட்கள், பிறகு ஃபாக்டரி ஆட்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர் உண்டு. நாவல் பழம் கொண்டுவந்த ஒருவர் பிள்ளைகளோடு போட்டி போட்டுக்கொண்டு நாக்கை நீட்டி, யாருடையது அதிக ஊதா என்று பார்த்தார். வீட்டிலேயே துருவிய மாங்காயும் அரிந்த வெங்காயமும் கொண்டுவந்து பொரியில் கலந்த ஒருவர், செய்ததில் பாதியைத் தானே தின்றுவிட்டு மன்னிப்புக் கேட்டார். யாரிடமும் பேசவே கூச்சப்படும் ஒரு அப்பா, தன் மகனோடு எதிரெதிரே உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவ்வளவு நெருக்கமாக இரண்டு பேரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வீட்டில் இவர்கள் எப்படி என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்லவும் மாட்டேன். அந்த ஒரு மணி நேரம், தங்களை வேலை வாங்கும் உரிமையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அதை நான் மதிக்கிறேன்.

மழைக்காலத்தில் பாப்பாவின் முறை வந்தது. பாப்பா அப்போது யு.கே.ஜி. நானும் அந்தப் பிள்ளைகளோடு யு.கே.ஜி.க்கு மாற்றிக்கொண்டு போயிருந்தேன். ஓட்டைக் குடையோடு அப்பா வந்தார். பின்னாலேயே, கைக்குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அம்மாவும் வந்தார். இந்த முறை அவரை உதவிக்கு அழைக்கவில்லை. விருந்தாளியாக வரச் சொல்லியிருந்தாள் பாப்பா. ஒரு குட்டி நாற்காலியில் அவரை உட்காரவைத்தோம்.

அப்பாவும் மகளும் அவலைக் களைந்து பிழிந்தார்கள். பிள்ளைகள் வெல்லத்தைத் தட்டினார்கள், தேங்காய்ப்பூ தூவினார்கள், வாழைப்பழம் நறுக்கிப் போட்டார்கள். அந்த அம்மா கண் கொட்டாமல் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் சாய்ந்து, "டீச்சர், இவரு ஊட்ல தண்ணிகூட மோந்து குடிக்க மாட்டாரு" என்று கிசுகிசுத்தார்.

அப்பா ஒரு தட்டில் அவலை எடுத்து வைத்து, கொண்டுவந்து மனைவியின் மடியில் வைத்தார். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவருக்குக் கூச்சம். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்றார். அந்த அம்மா ஒரு வாய் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார். பிள்ளைகள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"எப்டி கீது?" என்றார் அப்பா.

அந்த அம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு காலித் தட்டை அவரிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.