வெயிலைப் பார்த்து உட்கார்ந்தவள்

என் அக்காவை அந்த வீட்டில் பெரியவள் என்பார்கள். அவளுடைய கொழுந்தன் மனைவி சின்னவள். கீழ்வீட்டில் பெரியவள், மாடியில் சின்னவள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரி இருமல். அத்தான் விபத்தில் போன பிறகும் காலையில் மாடிப்படி வழியாக அந்த இருமல் இறங்கி வரும். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நிற்பாள். கேட்டைத் தாண்டி அது தெருவுக்குப் போனதும், அவளுக்கு இருக்கு, எனக்கு இல்லை என்று நினைத்தபடி மறுபடி அடுப்பைப் பற்றவைப்பாள். அந்த நினைப்பு வராத காலை இல்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பின்னறையில் உட்கார்ந்து, வட்டக் கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்த வேண்டும். அத்தான் போய்க் கொஞ்ச நாளில், ரிப்பேர் கடையிலிருந்து போன் வந்தது. சார் கொடுத்த கேமரா சரியாகிவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்களாம். சார் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அக்காவே போய் வாங்கி வந்தாள். அது அவளுடைய கைப்பையிலேயே கடைக்கும் வீட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் கடையின் பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கீழே இருந்த குட்டையின் மேல் தொங்கிய கம்பியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. கேமராவை எடுத்து, அதன் கண் தெளிவாகத் தெரியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு மூச்சு நேரம் அத்தானின் நினைப்பு வரவில்லை. அதற்காகவே மறுநாளும் படிக்கட்டுக்குப் போனாள். போகப்போகச் சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஏதாவது கேட்டார்கள், ஒன்றும் கேட்காதது இந்தக் குருவிதான் என்பாள்.

அப்போதுதான் சின்னவளும் ஒரு கேமராவோடு மாடியிலிருந்து இறங்கினாள். புருஷன் வாங்கிக் கொடுத்தது. லென்ஸ் மட்டும் முழங்கை நீளம். நீங்கள் எங்கே போய் எடுக்கிறீர்கள், நானும் வரட்டுமா என்று கேட்டாள்.

அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. புருஷன் இருக்கிறான். மாடியில் காற்றோட்டமும் இருக்கிறது. தன்னிடம் மிச்சமிருக்கும் ஒரு குருவியும் அவளுக்கு வேண்டுமாம்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சாக்கடை ஓடுகிறது, அங்கே போ என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம்.

"சாயங்காலமா போ. சூரியனைப் பாத்து உக்காரு. வெளிச்சம் நேரா கேமராவுக்குள்ள வந்தாத்தான் படம் பளிச்சுன்னு இருக்கும்."

நாலு நாள் கேமரா பிடித்தவனுக்குக்கூடத் தெரியும், வெயில் நம் முதுகில் விழ வேண்டும். எதிரே இருந்தால் பறவை கரிக்கட்டைதான். சின்னவளுக்கு அது தெரியாது. சாயங்காலம்தோறும் செருப்பில் சேற்று நாற்றத்தோடு திரும்பினாள். ஒன்றும் சரியாக வரவில்லை என்றாள். இதற்கெல்லாம் பொறுமை வேண்டும் என்று அக்கா ஆறுதல் சொல்வாள். அந்த ராத்திரிகளில் சோறு இன்னொரு கரண்டி கூடவே இறங்கியதாம்.

பிறகு ஒருநாள் சின்னவள் நேராகக் கீழ்வீட்டுக்கு வந்து கேமராவை நீட்டினாள். ஒரு கொக்கு. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்காத சாதாரணக் கொக்கு, சாக்கடையிலிருந்து எழும்புகிற கணம். பின்னாலிருந்த சூரியன் விரிந்த சிறகுகளுக்குள் புகுந்து வெளியே வந்திருந்தது. இறகுகளின் நடுக்காம்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. காலிலிருந்து சொட்டிய சாக்கடைத் தண்ணீர்கூடப் பொறிப்பொறியாக எரிந்தது. கண்ணாடி விளிம்பில் வெளிச்சம் என்ன செய்யும் என்று நாள் முழுக்கப் பார்க்கிறவள் அக்கா. ஒரு பறவைக்குப் பின்னால் அதை வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தான் எடுத்த மீன்கொத்திகளெல்லாம் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்த மாதிரித் தோன்றின.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான் என்றாள் என்னிடம்.

"நீங்க சொல்லலேன்னா எனக்கு இது கெடைச்சே இருக்காதுக்கா," என்றாள் சின்னவள். "நான் பாட்டுக்கு வெயிலுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருப்பேன்."

அக்கா வாயைத் திறந்தபோது பாராட்டு வரவில்லை.

"உனக்கு எதுக்கு இதெல்லாம்? உனக்கென்ன கொறைச்சல்? மேல புருஷன் இருக்காரு."

சின்னவள் கேமராவை ஆஃப் செய்தாள்.

"இருக்காரு. அண்ணன் போனதுலேருந்து என்கிட்ட பேசறதில்ல. இதைக் கையில குடுத்து, நீயாவது எங்கயாவது போயிட்டு வான்னாரு. அதுதான் அவரு கடைசியாப் பேசினது." கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீங்க டிப்போ பக்கம் ஒருநாளும் வரலியே, உங்க எடம் வேறன்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா. தனியா இருக்கணும்போலன்னு விட்டுட்டேன்," என்றாள்.

போனில் இதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் இரக்கம் ஒரு பங்கு என்றால் ஆற்றாமை மூன்று பங்கு. படத்தில்தான் முந்தினாள் என்றால் பெருந்தன்மையிலுமா முந்த வேண்டும் என்றாள். குட்டைக்குக் கூப்பிட்டாயா என்று கேட்டேன்.

"கூப்பிட்டேன், கூப்பிடாம? ஆனா மேல் படியில நான்தான் உக்காருவேன்னு மொதல்லயே சொல்லிட்டேன்."